கொமுங்கோவும் ஜாஸும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கீபோர்டு வாசிக்கிறேன். கொரிய நாட்டுப்பாடல் 'அரிராங்'கை ஜாஸ் கார்டுகளில் (பல சுரங்களை ஒன்றாக ஒலிப்பது) வைத்துப் புதிதாக ஒன்று செய்திருக்கிறேன். மரபிசை இறுக்கமானது, ஜாஸ்தான் அதற்கு மனோதர்மம், அதாவது வாசிக்கும்போதே கற்பனை செய்யும் சுதந்திரம், தருகிறது என்று நினைக்கிறேன். என் வழி சரியா? கயாகும் என்ற கொரியத் தந்திக்கருவியின் ஒலிக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சாஃப்ட்வேரை விடுங்கள். எல்லோரும் அரிராங்கையே ஏன் எடுக்கிறார்கள் என்பதையும் இன்னொரு நாள் பேசலாம்.

ஒரு வாரமாக சினாவிதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து 'ஜாஸ்தான் மனோதர்மம் தருகிறது' என்று எழுதுகிறீர்கள். கோபம் வந்தது. யார் சொல்லிக்கொடுத்தது இதை? கொரியாவின் தென்மேற்கில், ஜொல்லா பகுதிச் சாமியாடிகளின் சடங்கில் வாசித்தது சினாவி. தாளம் பொது. அதன்மேல் குழல்காரர் ஒரு பக்கம், ஹேகும் என்ற இரண்டு நரம்பு வில்வாத்தியக்காரர் ஒரு பக்கம் என்று அவரவர் போக்கில் போவார்கள். அடுத்தவர் வாசிப்பது காதில் விழ விழத் தன் வழியை வளைத்துக்கொள்வார்கள். ஜாஸ் என்ற பேரே எட்டாத கிராமங்கள் அவை. அந்த மண்ணிலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிம் சாங்-ஜோ கயாகுமில் சஞ்ஜோ என்ற தனி வாத்திய இசையை உருவாக்கினார். பின்னால் வந்தவர்கள் குரு வாசித்ததை அப்படியே மனப்பாடம் செய்து பாணிகளாக்கினார்கள். நீங்கள் பார்த்த இறுக்கம் அப்போது வந்தது. ஜாஸ்காரர்களோடு உட்காரும் கொரியக் கலைஞர்கள் தங்கள் தாத்தாக்களின் சொத்தைத்தான் மீட்கிறார்கள்.

சியோலில் ஒரு சின்ன அரங்கில், முதல் வரிசையில் உட்கார்ந்து கொமுங்கோ கேட்டிருக்கிறேன். ஆறு பட்டு நரம்புகள். வலது கையில் பென்சில் போல ஒரு மூங்கில் குச்சி. அது நரம்போடு சேர்த்து, பலகைமேல் ஒட்டிய தோலையும் டக்கென்று அடிக்கிறது. நாதமும் அடியும் ஒன்றாக எழுகின்றன. அப்புறம் இடது கை நரம்பைத் தள்ள, சுரம் நெளிந்து நெளிந்து அடங்குகிறது. பக்கத்தில் கிட்டார்காரர் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். அது முழுசாக அடங்கிய பிறகு ஒரே ஒரு சுரம் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள் கீபோர்டில் கட்டையை அமுக்கினால் சுரம் ஆடாமல் நிற்கும். அதன்கீழ் நான்கு சுரத்தில் கார்டும் போட்டால் அந்த நெளிவுக்கு இடமேது? 2016இல் 'பிளாக் ஸ்ட்ரிங்' குழு வெளியிட்ட 'மாஸ்க் டான்ஸ்' ஆல்பத்தில் ஹோ யூன்-ஜங்கின் கொமுங்கோவைக் கேளுங்கள். கிட்டார் எங்கே ஒதுங்குகிறது என்று கவனியுங்கள்.

உங்களுக்கு ஆசை இருக்கிறது, அது எழுத்திலேயே தெரிகிறது. கார்டுகளை எடுத்துவிட்டு, 12 எண்ணிக்கை ஜுங்மோரி தாளத்தில் ஜாங்கு என்ற கொரிய மத்தளம் மட்டும் ஓடவிட்டு, ஒரு கையால் வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.