டேஷ்போர்டில் பெட்ரோல் பிரஷர் கேஜ் வைக்கலாமா?

கேள்வி: என்னுடையது 12 ஆண்டு பழைய எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் வகை) பெட்ரோல் கார். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது. மேம்பாலம் ஏறும்போது பிக்கப் குறைகிறது. பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். அதற்கு முன் டேஷ்போர்டில் ஒரு பிரஷர் கேஜ் பொருத்திப் பார்க்க விரும்புகிறேன். எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

பதில்: பம்பை மாற்றும் முன் அழுத்தத்தை அளந்துவிட வேண்டும் என்ற எண்ணம் சரியானதே, தேர்ந்த இடம்தான் தவறு. சாதாரண மெக்கானிக்கல் கேஜுக்குள் பெட்ரோலே நுழைந்து அழுத்தித்தான் முள் நகர்கிறது. அதை டேஷ்போர்டில் வைப்பது, சுமார் 3 பார் அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் குழாயை உங்கள் முழங்காலுக்கு மேலே கொண்டுவருவதாகும். ஓர் இணைப்பு லேசாகக் கசிந்தாலும் மூடிய காருக்குள் ஆவி நிறைந்துவிடும். உள்ளே கேஜ் வேண்டுமென்றால், சென்சார் பானெட்டுக்குள்ளேயே இருந்து, மின்கம்பி மட்டும் உள்ளே வரும் எலக்ட்ரிக் வகையை வாங்குங்கள். உங்கள் தேவைக்கு, அளந்துவிட்டுக் கழற்றிவிடக்கூடிய டெஸ்ட் கேஜே முதலில் போதும்.

உங்கள் வகைக் கார்களில் அழுத்தம் பெரும்பாலும் 2.5 முதல் 4 பாருக்குள் இருக்கும். சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். முள் நடுப்பகுதியில் நிற்கும்படி 0–7 பார் கேஜ் பொருத்தமானது. கார்புரேட்டர் கார்களுக்கான 0–1 பார் கேஜ் இதில் முதல் முறையே கெட்டுவிடும். இன்றைய டீசல் கார்களின் காமன் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக்குழாயில்) அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும் என்பதால், அதில் இத்தகைய கேஜை எக்காரணம் கொண்டும் மாட்டக்கூடாது. நம் ஊர்ப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், ஹோஸும் ஓ-ரிங்கும் அதைத் தாங்குபவையா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் முன், இன்ஜின் ஆறியிருக்கும்போது திறந்தவெளியில் காரை நிறுத்தி, பெட்ரோல் பம்பின் பியூஸையோ ரிலேயையோ கழற்றிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து அது தானாக நின்றதும், இன்னும் சில விநாடிகள் செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அப்போதும் கொஞ்சம் பெட்ரோல் சிந்தும். துணியைச் சுற்றிக்கொண்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். ஃபூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு பெட்ரோல் தரும் குழாயில்) டயர் வால்வு போன்ற முனை இருந்தால் வேலை எளிது. பல கார்களில் இருக்காது, அப்போது குழாயில் டி-இணைப்பு போட வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். கேஜ்களில் வரும் என்.பி.டி. (அமெரிக்க அளவு), பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் அளவு) மரைகள் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கோணத்தில் வேறானவை. ஒன்றை மற்றொன்றில் முறுக்கி ஏற்றினால் முதலில் இறுகியதுபோல் தோன்றி, சூட்டில் கசியும். பிளம்பிங் டேப்பையும் சுற்றாதீர்கள், அதன் நார் இன்ஜெக்டரை அடைத்துவிடும்.

பியூஸையும் பேட்டரியையும் திரும்ப மாட்டியபின், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்யுங்கள். பம்ப் ஒவ்வொரு முறையும் ஓரிரு விநாடி ஓடி அழுத்தம் ஏற்றும். ஒவ்வோர் இணைப்பையும் விளக்கொளியில் பாருங்கள். ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் ஸ்டார்ட் செய்யக்கூடாது.

இனி முள் சொல்வதைக் கேட்கலாம். இன்ஜினை நிறுத்தியதும் அழுத்தம் சில நிமிடங்களிலேயே சரிந்தால், பம்பிலுள்ள செக் வால்வோ (பெட்ரோல் பின்னோக்கிப் போகாமல் தடுப்பது), ரெகுலேட்டரோ (அழுத்தத்தைச் சீராக வைப்பது), இன்ஜெக்டரோ கசிகிறது. காலை நேரத் தொல்லைக்கு அது காரணமாகலாம். ஓடும்போதே மேனுவல் எண்ணைவிடக் குறைந்திருந்தால், பம்புக்குச் செலவழிக்கும் முன் ஃபில்டரையும், பம்புக்கு வரும் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டிவந்தால்தான் எலக்ட்ரிக் கேஜுக்குப் பணம் போடலாம். மெக்கானிக்கல் கேஜை ஹோஸோடு வைப்பரில் கட்டிக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள். அழுத்தம் எல்லா நிலையிலும் சரியாக இருந்தால் பம்பை விட்டுவிட்டு, ஸ்பார்க் பிளக்கையும், இன்ஜின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.