செங்காந்தள் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

நம்ம மாநிலப் பூ தான், ஆனா காட்டுல தானா மொளைச்சு நிக்கறதைப் பாத்தவங்க கம்மி. பல வருஷமா காடு மேடுன்னு சுத்தி இதைப் பாத்துட்டு இருக்கேன், அதான் கேள்வியெல்லாம் எடுத்துக்கறேன்.

கேள்வி: அண்ணா, கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ, செங்காந்தள்... இதெல்லாம் ஒண்ணா வேற வேறயா?

எல்லாம் ஒரே செடிதாங்க. ஐப்பசி கார்த்திகைல கொத்துக் கொத்தா பூக்கும், அதனால கார்த்திகைப் பூ. கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சு ரெண்டு கையா இருக்கும், அதனால கலப்பைக் கிழங்கு. குறுந்தொகைல இதையே குருதிப் பூன்னு சொல்லியிருக்காங்க, மலைச்சரிவுல மொத்தமா பூத்து நிக்கறப்ப தூரத்துல இருந்து பாத்தீங்கன்னா அந்தப் பேரு ஏன்னு யாரும் விளக்க வேண்டியதில்ல.

கேள்வி: இந்தக் கிழங்கை வெங்காயம் மாதிரி உரிச்சா அடுக்கு அடுக்கா வருமா?

வராது. உள்ள வெள்ளையா கெட்டியா மாவு தான். இந்தச் செடியை முன்னாடி லில்லி குடும்பத்துல வெச்சிருந்தாங்க, இப்ப கோல்ச்சிகேசியேன்னு தனிக் குடும்பம். இன்னொரு விஷயம், நீங்க இந்த வருஷம் பாக்கற கிழங்கு அடுத்த வருஷம் இருக்காது, செடி வளர வளர பழசு சுருங்கிப் போயிரும், பக்கத்துலயே புதுசு உருவாகி அதுதான் அடுத்த மழைக்கு மொளைக்கும்.

கேள்வி: எங்க போனா பாக்கலாம் சார்? ஃபோட்டோ எடுக்கணும், அஞ்சு வருஷமா தேடறேன்.

அடர்காட்டுக்குள்ள தேடாதீங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. இதுக்கு வெயிலும் வேணும், ஏறிப் பிடிக்க ஒரு புதரும் வேணும், தண்ணி நிக்காத மண்ணும் வேணும். அப்ப காட்டோரம், பாறை இடுக்கு, முள்ளுப்புதர், கடலோர மணல்மேடு இங்கெல்லாம் பாருங்க. சமவெளில இதோட வீடு எதுன்னா உயிர்வேலி தாங்க. கிளுவை வேலி, கள்ளி வேலின்னு இருந்த காலத்துல அதுமேல படர்ந்து கெடந்துச்சு, வேலியெல்லாம் கம்பியாவும் காம்பவுண்டு சுவராவும் மாறுன பின்னாடி அது எதைப் பிடிச்சு ஏறும் சொல்லுங்க? கிழங்குக்காகத் தோண்டுனது ஒரு பக்கம், ஆனா வேலி போனதுதான் பெரிய அடின்னு நான் நினைக்கறேன்.

பூவே இல்லாட்டியும் அடையாளம் தெரியும். இலையோட நுனியைப் பாருங்க, ஒரு இலை நுனி கூர்மையா முடியாம நூல் மாதிரி நீண்டு சுருண்டு பக்கத்துக் குச்சியைச் சுத்திப் பிடிச்சிருக்கும். தனியா பற்றுக்கம்பி கெடையாது, இலையே கை. ஃபோட்டோவுக்குன்னா ஒரே பூவை நாலஞ்சு நாள் தொடர்ந்து எடுங்க, பச்சையா விரியும், மஞ்சளாகும், அடில மஞ்சள் நிக்க நுனில இருந்து செவப்பு ஏறும், கடைசில முழுச் செவப்பு. ஆறு இதழும் நெருப்பு மாதிரி நெளிஞ்சு மேல மடங்கி நிக்கும்.

கேள்வி: மலைக்குப் போனப்ப ஒண்ணு தோண்டி எடுத்துட்டு வந்து தொட்டில வெச்சேன், மொளைக்கவே இல்ல. ஏன்?

நுனி ஒடிஞ்சிருக்கும். ஒவ்வொரு கையோட முனைலயும் சின்னதா ஒரு முளைக்கண்ணு இருக்கு, அது ஒண்ணுதான் உயிர். உருளைக்கிழங்கு மாதிரி வெட்டி வெட்டி நட முடியாது. நானே மொத தடவை பைல போட்டு எடுத்துட்டு வந்து, வீட்டுல பாத்தா ரெண்டு நுனியும் போயிருந்துச்சு, ரெண்டு மாசம் வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துனேன். காப்புக்காட்டுல தோண்டுறது குத்தமும் கூட, வேண்டாம். மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கம் வயல்லயே பயிர் பண்றாங்க, அங்க வாங்கி ஆடி மழைக்கு முன்ன படுக்கை வசமா நடுங்க. தை மாசி வாக்குல கொடி காஞ்சிரும், செத்துப் போச்சுன்னு பயந்து தண்ணி ஊத்தாதீங்க, தூங்குது, ஊத்துனா அழுகிரும்.

கேள்வி: வயல்ல எதுக்குப் பயிர் பண்றாங்க? பூவுக்கா?

விதைக்கு. அதுல கோல்ச்சிசின்னு ஒரு சரக்கு இருக்கு, கவுட் மூட்டுவலி மாத்திரைக்குப் போகுது. கொட்டை இல்லாத தர்பூசணி திங்கறீங்கல்ல, அந்த ரகத்தை உருவாக்க குரோமோசோமை ரெட்டிப்பாக்குறதும் இதே கோல்ச்சிசின் தான். விதை புடிக்கறதுல ஒரு வம்பு, பூவோட சூல்தண்டு, அதாவது மகரந்தத்தை வாங்கிக்கற பெண் பாகம், அடிலயே சட்டுன்னு மடங்கி பக்கவாட்டுல நீட்டிட்டு நிக்கும், மகரந்தம் ஒரு பக்கம் இது ஒரு பக்கம். அதனால காலைல வயல்ல இறங்கி ஒவ்வொரு பூவா கையால தொட்டு விடறாங்க.

கேள்வி: அக்கா பையன் கிழங்குன்னு நெனச்சு கடிச்சிட்டான்னா என்ன பண்றது? வீட்டுல வெக்கலாமா?

சின்னக் கொழந்தை, ஆடு மாடு இருந்தா வெக்காதீங்க. செடி முழுக்க விஷம், வேக வெச்சாலும் போகாது. சில மணி நேரம் ஒண்ணும் தெரியாம இருந்துட்டு அப்புறம் வாந்தி பேதி ஆரம்பிக்கும், பின்னாடி ஒவ்வொரு உறுப்பா அடி வாங்கும், தப்பிச்சவங்களுக்கும் ஒண்ணு ரெண்டு வாரத்துல முடி கொத்தா கொட்டும். வாந்தி வரட்டும்னு காத்திருக்காம, வீட்டு வைத்தியம் பாக்காம, கடிச்ச துண்டோட நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வள்ளிக்கிழங்குன்னு நெனச்சு சாப்பிட்டு உசுரு விட்டவங்க உண்டு.

கேள்வி: ஜிம்பாப்வேக்கும் இதுதான் தேசியப் பூவாமே?

ஆமா. ஆஸ்திரேலியால கடலோர மணல்மேட்டுல படர்ந்து களைன்னு புடுங்கிட்டு இருக்காங்க, நாம இங்க ஒரு செடிக்கு அஞ்சு வருஷம் தேடிட்டு இருக்கோம்!