அக்குள் வியர்வையும் லேசரும்: வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வயது 24. இரு அக்குளிலும் சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. லேசர் செய்துகொண்டால் அடியோடு நின்றுவிடுமா?

பதில்: அடியோடு நிற்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது. லேசர் சூட்டில் அழிந்த வியர்வைச் சுரப்பிகள் மீண்டும் முளைப்பதில்லை என்றாலும், தப்பிய சுரப்பிகள் தம் வேலையைத் தொடரும். அதற்கு முன்பு, வியர்வைத் துளைகளை அடைக்கும் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலைத் தடவிப் பார்த்தீர்களா என்பதை நீங்கள் எழுதவே இல்லை. இரவு படுக்கும் முன், நன்றாக உலர்ந்த அக்குளில் தடவிக் காலையில் கழுவிவிட வேண்டும். குளித்த ஈரத்தோடு தடவினால் எரிச்சல்தான் மிஞ்சும். சில வாரங்கள் இதை ஒழுங்காகச் செய்த பிறகு லேசரைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: அழகு நிலையம் ஒன்றில், வியர்வைக்காக என்று சொல்லி ஆறு சிட்டிங் லேசர் செய்தார்கள். முடி போய்விட்டது, வியர்வை குறையவில்லை. இன்னும் நான்கு சிட்டிங் வேண்டும் என்கிறார்கள். தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். உங்களுக்குச் செய்யப்பட்டது முடி நீக்கும் லேசர். அதன் ஒளியை முடிவேரில் உள்ள மெலனின் என்ற கருநிறமி உறிஞ்சிக்கொள்வதால் வேர் சூடாகி அழிகிறது. வியர்வைச் சுரப்பியில் அந்த நிறமி இல்லை. அது தோலின் அடிப்பகுதியில், கொழுப்பை ஒட்டி, சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எனவே பத்து சிட்டிங் ஆனாலும் வியர்வைக்கு அதை நம்ப முடியாது. மாநிறத்துக்கும் அதற்கு மேற்பட்ட கருநிறத்துக்கும் பொருந்தாத அளவில் சூடு வைத்தால் கருந்திட்டுகளும் தீக்காயமும் வரும்.

வியர்வைக்கென்று செய்யப்படும் லேசர் வேறு. அக்குளை மரக்கச் செய்து, ஓரிரு மில்லிமீட்டர் துளையிட்டு, பெரும்பாலும் 1064 நானோமீட்டர் ஒளியைக் கடத்தும் மெல்லிய இழையைத் தோலுக்கு அடியில் செலுத்தி, சுரப்பிகளைச் சுட்டு அழிக்கிறார்கள். இதைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் சிறியவையே. சூடு மிகுந்தால் மேல்தோல் வெந்து தழும்பாகும். நுண்ணலையால் சுரப்பிகளைச் சுடும் மைக்ரோவேவ் கருவியையும் சிலர் ‘லேசர்’ என்றே சொல்லி விற்பதால், கருவியின் பெயரை எழுதி வாங்குங்கள்.

உங்களைப் போலவே முடி நீக்கிக்கொண்டு என்னிடம் வந்த ஒரு பெண்ணின் அக்குளில் அயோடின் தடவி, உலர்ந்ததும் ஸ்டார்ச் மாவைத் தூவினேன். வியர்க்கும் இடம் கருநீலமாக மாறும் எளிய சோதனை இது. மழமழவென்றிருந்த அந்த அக்குள் சில நிமிடங்களில் ஏறக்குறைய முழுவதும் கறுத்தது. பார்த்ததும் அவர் அழுதுவிட்டார். இந்தச் சோதனையைச் செய்து வியர்க்கும் பரப்பைக் குறிக்காத இடத்தில் எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: லேசரா, போடாக்ஸ் ஊசியா, எது மேல்?

பதில்: சுரப்பிகளைத் தூண்டும் நரம்புச் செய்தியைத் தற்காலிகமாகத் தடுக்கும் போடாக்ஸ் ஊசிக்குத்தான் ஆய்வுச் சான்று அதிகம்; அமெரிக்காவில் 2004-லேயே அனுமதி கிடைத்தது. ஒரு அக்குளுக்கு 50 யூனிட்டைப் பத்துப் பதினைந்து இடங்களில் பிரித்துப் போட்டால் ஏறக்குறைய ஆறேழு மாதம் தாங்கும், பிறகு மறுபடியும் போட வேண்டும். கருவுற்றிருப்பவர்களுக்கு வேண்டாம். இதற்கும் முதலில் அயோடின் சோதனை அவசியம்.

கேள்வி: அக்குளில் லேசர் செய்தால் முதுகிலும் தொடையிலும் வியர்வை பெருகுமா?

பதில்: அது, வியர்வையை நிறுத்த மார்புக்குள் நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையின் பின்விளைவு. லேசருக்கு அந்த அச்சம் பெரும்பாலும் வேண்டியதில்லை.

கேள்வி: இரவில் தூக்கத்திலும் உடல் முழுக்க வியர்த்துப் படுக்கை நனைகிறது. இரண்டு மாதங்களில் எடையும் குறைந்துவிட்டது. எந்த லேசர் நல்லது?

பதில்: எந்த லேசரும் வேண்டாம். வயதையோ, காய்ச்சல் உண்டா என்பதையோ எழுதாமல் கருவியின் பெயரை மட்டும் கேட்பது உங்கள் உடலுக்கு நீங்களே செய்யும் தீங்கு. காரணமின்றி வரும் அக்குள் வியர்வை பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கும், இரு பக்கமும் இருக்கும், தூங்கும்போது நின்றுவிடும். உங்களுடையது அப்படியன்று. காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றிலும் இப்படி வியர்க்கும். இந்த வாரமே பொது மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு வயது 13. பள்ளிச் சீருடை நனைவதால் கூசிப்போகிறாள். லேசர் செய்யலாமா?

பதில்: இந்த வயதில் வேண்டாம். அலுமினியம் குளோரைடு கரைசல் போதும்: இரவில், உலர்ந்த தோலில். அரித்தால் ஓரிரு நாள் நிறுத்திவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவச் சொல்லுங்கள்.