கச்சேரிக்கு முன்பணம், பூவுக்குக் கைப்பணம்

கேள்வி: ஒவ்வொரு வசந்த காலத்திலும் நானும் என் கணவரும் ஒரு வார இறுதியை எங்களுக்காகவே ஒதுக்கிவிடுவோம். இரவில் அவருக்குப் பிடித்த நேரடி இசை நிகழ்ச்சி, பகலில் எனக்குப் பிடித்த காட்டுப்பூ தேடல். போன முறை எல்லாச் செலவையும் கிரெடிட் கார்டில் போட்டோம். அடைத்து முடிக்க ஆறு மாதம் ஆனது. அதைவிட வருத்தம், நாங்கள் போன நேரத்தில் பூக்கள் உதிர்ந்துவிட்டன. அறைக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்பதால் தேதியை மாற்றவும் வழியில்லை. இந்த ஆண்டு பயணத்துக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. அவசரகால நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். சின்னதாக ஒரு பர்சனல் லோன் போடலாமா என்பது என் யோசனை. இல்லை, போகாமலே இருந்துவிடுவது நல்லதா? என் சம்பளம் அவருடையதைவிடக் குறைவு, அதனால் செலவைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதும் சிரமமாக இருக்கிறது.

பதில்: போய் வாருங்கள். பொருள் வாங்கச் செலவிட்ட பணத்தைவிட, அனுபவத்துக்காகச் செலவிட்ட பணமே தங்களுக்கு அதிக மகிழ்ச்சி தந்ததாக மக்கள் சொல்வதை வான் போவென், கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் எழுதினார்கள். பல குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்த எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இருவருக்கும் பிடித்ததை ஒரே பயணத்தில் கோத்து வைத்திருக்கிறீர்கள். இதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அவசரகால நிதியும் வேண்டாம், கடனும் வேண்டாம். வேலை போனால், உடம்புக்கு முடியாமல் போனால் உங்களைத் தாங்குவதற்காக இருக்கிற பணம் அது. வசந்தம் ஆண்டுதோறும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது, அது எப்படி அவசரம் ஆகும்? கடன் கணக்கையும் பார்த்துவிடுவோம். மாதம் 2 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டு, 100 பங்கு செலவை ஆறு சம தவணைகளில் அடைத்தால் மொத்தம் ஏறக்குறைய 107 பங்கு கட்டியிருப்பீர்கள். ஏழு பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் கார்டில் பாக்கி நிற்கிற வரை, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. மளிகைக்குக்கூட வட்டி ஓடும். அந்த ஆறு மாதத்தில் உங்களை உண்மையில் கடித்தது அதுவாகத்தான் இருக்கும். பழைய ஸ்டேட்மென்ட்களை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பிரெலெக், லோவன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு என்றால் பிறகு தவணை கட்டலாம் என்றார்கள் பெரும்பாலோர். விடுமுறைப் பயணத்துக்கு மட்டும் முன்கூட்டியே கட்டிவிடுவதையே விரும்பினார்கள். பணம் கட்டி முடித்த பயணத்தில் மனசு லேசாக இருக்கும். பாட்டு கேட்கும்போது பில் ஞாபகம் வராது.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருவோம். போன ஆண்டு தவறு எங்கே நடந்தது என்றால், இசைக்கும் பூவுக்கும் ஒரே மாதிரி பணம் கட்டியதில். இசை நிகழ்ச்சிக்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, இருக்கை உண்டு. அதற்கு முன்பணம் கட்டலாம், கட்டவும் வேண்டும். பூவுக்குத் தேதி கிடையாது. முந்தைய மாதங்களில் மழை எப்படிப் பெய்தது, வெயில் எப்போது ஏறியது என்பதைப் பொறுத்து உச்சப் பூப்பு சில வாரங்கள் முன்னே பின்னே போகும். வறண்ட நிலத்துப் பூக்களின் விதைகள் சரியான மழை வராவிட்டால் பல ஆண்டுகள்கூட மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். பூத்தாலும் உங்களால் பார்க்க முடியும் என்ற உறுதி இல்லை. 2019 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் வாக்கர் கேன்யனில் பாப்பிப் பூக்கள் மலையையே மூடியபோது, கூட்டம் தாங்காமல் அங்கே போகும் வழியை ஊர் நிர்வாகம் அடைக்க வேண்டி வந்தது. அந்தப் பாப்பி மேகமூட்டமான நாளில் இதழை மூடிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஒன்றுக்கு மாற்ற முடியாத முன்பணம் கட்டவே கூடாது.

அப்படியானால் அறை? பணம் திரும்பக் கிடைக்கும் அறை பத்து சதவீதம் கூடுதலாக இருந்தாலும் தயங்காதீர்கள். திட்டத்தை மாற்றும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தாலே அந்தக் கூடுதல் பணம் நியாயமானதுதான். பூவை நம்பிப் போகும்போது அந்த வாய்ப்பு அதைவிட அதிகம். எந்த நாள், எந்த மணிக்குள் ரத்து செய்ய வேண்டும் என்பதை மட்டும் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். இதை மறந்து பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர்.

சரி, நிகழ்ச்சித் தேதியை மாற்ற முடியாது, பூ முந்திக்கொண்டது என்றால்? அப்போது உயரத்தை மாற்றுங்கள். ஆண்ட்ரூ டெல்மார் ஹாப்கின்ஸ் என்ற பூச்சியியலாளர் 1918இல் ஒரு விதி சொன்னார்: மிதவெப்பப் பகுதிகளில் ஒவ்வொரு 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் ஏற ஏற, வசந்தம் நான்கு நாள் பிந்துகிறது. தோராயமான விதிதான், இருந்தாலும் உங்களுக்கு நல்ல வழிகாட்டி. அடிவாரத்தில் பூ முடிந்து பத்து நாள் ஆகிவிட்டதா, 300 மீட்டர் மேலே போய்ப் பாருங்கள். டிக்கெட்டை இழக்க வேண்டியதில்லை, எரிபொருள் செலவு மட்டும் கொஞ்சம் கூடும். அதற்காகத்தான் பூவின் பங்கைக் கைப்பணமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் சேர்ந்து வரும் தொகையைத்தான் பட்ஜெட்டில் எழுத வேண்டும். மூன்று நாள் பாஸ் மலிவாகத் தெரிந்தால், நீங்கள் நிஜமாகவே கேட்க விரும்பும் இசைக்குழுக்களை எண்ணி, பாஸ் விலையை அந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பாஸ் வாங்கினால் பகலிலும் அங்கேயே உட்காரத் தோன்றும், உங்கள் பூ நேரம் போய்விடும். ஆர்க்ஸ், ப்ளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நாடக அரங்குக்கு சீசன் டிக்கெட்டை முழு விலையில் வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். கட்டிய பணம் அப்படி இழுக்கும். உங்கள் இருவருக்கும் ஒரே ஒரு இரவு நிகழ்ச்சி போதும் என்பது என் கருத்து.

எட்டு வாரத்தில் இருவரும் சேர்ந்து, வழக்கமான சேமிப்பைத் தொடாமல், எவ்வளவு ஒதுக்க முடியும் என்று எழுதுங்கள். அந்தத் தொகைதான் இந்த ஆண்டுப் பயணம். டிக்கெட்டுக்கும் அறைக்கும் போக மிச்சம் குறைவாக இருந்தால், இரண்டு இரவை ஒன்றாக்குங்கள். நிகழ்ச்சி முடிந்து அங்கேயே தூங்கி, விடியலில் பூ தேடக் கிளம்பினால் கூட்டமும் இருக்காது.

பங்கீட்டை வருமான விகிதத்தில் செய்யுங்கள். குடும்பத்துக்கு வரும் 100இல் 60 அவருடையது, 40 உங்களுடையது என்றால், பயணச் செலவும் அப்படியே பிரியட்டும். சிரமத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் இந்த வாரமே அவரிடம் பேசுங்கள். இப்படி ஒரு கேள்வி எழுதத் தெரிந்தவருக்கு அது கஷ்டமாக இருக்காது.

அப்புறம், திரும்பி வந்த மறு மாதமே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, சம்பள நாளன்று இந்த ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கு தானாகப் போய்ச் சேரும்படி செய்துவிடுங்கள். பத்து மாதத்தில் அடுத்த பயணத்துக்கான பணம் முழுதாக இருக்கும். அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கும்போது கார்டைத் தேட வேண்டியிருக்காது.