அறிக்கையில் ‘நச்சு இல்லை’, கரையில் செத்த மீன்: யாரை நம்புவது?

கேள்வி: எங்கள் கடலோரத்தில் பத்து நாளாகத் தண்ணீர் செம்பழுப்பாகக் கிடக்கிறது. விடிகாலையில் போனால் மீன்கள் செத்து ஒதுங்கியிருக்கின்றன. மாதிரி எடுத்துப் பார்த்தோம், நச்சு எதுவும் இல்லை என்கிறது அரசுத் துறை. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரோ தண்ணீரில் இறங்காதீர்கள் என்கிறார். அவருக்குப் பண்ணை முதலாளிகள் மேல் கோபம், அதனால்தான் இப்படிப் பேசுகிறார் என்றும் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் குளிக்க விடலாமா? மீன், சிப்பி சாப்பிடலாமா? யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் உடம்புக்கும் வயிற்றுக்குமான பதில். சண்டையை அப்புறம் பார்க்கலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கடலில் நுண்ணிய பாசி பெருகியிருக்கலாம்; அதில் சில வகைகள் நச்சு தருபவை. நிறம் மாறிய தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம். மட்டி, சிப்பி, ஆளி எதையும் இப்போது எடுக்கவோ சாப்பிடவோ வேண்டாம். இவை தண்ணீரை வடிகட்டித் தின்று வாழ்பவை. கடலில் துளித்துளியாக இருக்கிற நச்சு இவற்றின் சதையில் சேர்ந்துகொண்டே போகும்; சிப்பியோ சாகாமல் நன்றாகவே இருக்கும். மணத்திலோ ருசியிலோ எதுவும் தெரியாது. இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்: நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். சாக்ஸிடாக்ஸின், டோமோயிக் அமிலம் போன்ற பாசி நச்சுகள் சமையல் சூட்டுக்கு அசைவதில்லை. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் விறுவிறுத்து மரத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாக்ஸிடாக்ஸினுக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் முடங்கும் முன் செயற்கைச் சுவாசம் கிடைத்தால் ஆள் பிழைத்துவிடுவார். ‘காலையில் பார்க்கலாம்’ என்று படுத்துவிடுவதுதான் ஆபத்து.

செத்து ஒதுங்கிய மீனைத் தின்ன வேண்டாம், நாய்க்கும் போட வேண்டாம். தெளிந்த நீரில் உயிரோடு பிடித்த பெரிய மீன் என்றால் குடல், ஈரலை முழுக்க எடுத்துவிட்டுச் சதையை மட்டும் சமைக்கலாம். நெத்திலி, சாளை போன்ற சிறு மீன்கள் பாசியையும் தின்பவை. அவற்றைக் குடலோடு சமைப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். கடற்காற்று பட்டு இருமல், கண் எரிச்சல் வந்தால் கரையை விட்டு விலகுங்கள், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள். மெக்ஸிகோ வளைகுடாவில் பெருகும் கரேனியா பிரெவிஸ் என்ற பாசியின் நச்சு, அலை உடையும்போது காற்றிலேயே ஏறி வரும்.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகினால் கடலே சிவந்தும் பச்சையாகவும் தெரியும், இரவில் நீலமாக ஒளிரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மனிதருக்கு நச்சு தருவதாக அறியப்பட்டதில்லை. மீன்களை மூச்சுத் திணற வைத்துக் கொல்லும், அவ்வளவே. மாறாக அலெக்ஸாண்ட்ரியம் என்ற பாசி வகை, தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்போதே சிப்பியை விஷமாக்கிவிடும்.

சரி, இப்போது அந்த ‘நச்சு இல்லை’ அறிக்கை. அதைக் கையில் வாங்கி, முடிவுரைக்குப் போகாமல் மேலே இருக்கிற கட்டங்களைப் பாருங்கள். மாதிரி எடுத்த நேரம் காலை 11 மணி, இடம் படகுத்துறை, மேற்பரப்பு நீர் என்று இருக்கிறதா? பாசி பகலில் வெயிலில் ஆக்ஸிஜனை வெளிவிடும். இரவெல்லாம் தானும் சுவாசித்து அதையே தீர்த்துவிடும். விடியலுக்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் ஆக்ஸிஜன் அடிமட்டத்தில் இருக்கும். மீன் நான்கு மணிக்குச் செத்திருக்கும், மாதிரி பதினொன்றுக்கு எடுத்திருப்பார்கள். அப்போது அளந்தால் ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும். அறிக்கையில் பொய் இல்லை, உதவியும் இல்லை.

அடுத்து, எதைச் சோதித்தார்கள்? கார அமில அளவு, கரைந்த ஆக்ஸிஜன், குடல் பாக்டீரியா மட்டும் என்றால் பாசி நச்சை யாரும் தேடவே இல்லை என்று பொருள். தேடியிருந்தாலும் எந்த நச்சை, தண்ணீரிலா சிப்பிச் சதையிலா என்று பார்க்க வேண்டும். நானே ஒரு முறை, ‘சோதித்த மூன்று நச்சுகளும் இந்த மாதிரிகளில் கண்டறியப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். செய்திக்குறிப்பாக வெளியே வந்தபோது அது ‘நச்சு இல்லை’ என்று சுருங்கியிருந்தது. யாரும் சதி செய்யவில்லை. வாக்கியம் நீளமாக இருக்கிறது என்று வெட்டியிருக்கிறார்கள்!

ஆய்வாளருக்கு உள்நோக்கம் என்ற பேச்சுக்கு வருவோம். பண்ணைக் கழிவும் உரமும் தண்ணீரில் கலந்தால் பாசிக்கு அது தீனி; அதனால்தான் இந்தப் பேச்சில் பண்ணை முதலாளிகள் வருகிறார்கள். இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை, ஃபீஸ்டீரியா என்ற நுண்ணுயிரின் கதை. 1988இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொட்டி மீன்கள் காரணமில்லாமல் செத்தன. அங்கே கண்டெடுத்த நுண்ணுயிர்தான் அந்த மாநிலக் கழிமுகங்களில் மீன்களைக் கொத்துக் கொத்தாகக் கொல்கிறது என்று ஜோஆன் பர்க்ஹோல்டரும் அவருடைய குழுவும் 1992இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அந்த நுண்ணுயிரை வைத்து வேலை செய்தவர்களுக்கே நினைவு தடுமாறியது. பன்றிப் பண்ணைக் கழிவு ஆற்றுக்குள் வருவதோடு பர்க்ஹோல்டர் இதை இணைத்துப் பேசினார். பண்ணைத் தொழில் பெரிது, மாநில அதிகாரிகளும் ஒத்துக்கொள்ளவில்லை, மோதல் வெளிப்படையாகவே நடந்தது. 1997இல் மேரிலாண்டின் போகோமோக் ஆற்றில் மீன்கள் செத்தபோது ஆளுநர் ஆற்றின் ஒரு பகுதியை மூடினார். உடனே அந்தப் பக்கத்து மீனை வாங்கவே ஆளில்லாமல் போனது. ஆற்றில் புழங்கியவர்களைச் சோதித்து, கற்றலும் நினைவும் பாதிக்கப்பட்டிருப்பதாக 1998இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதே ஆண்டு, வயலுக்கு எவ்வளவு உரம், எவ்வளவு கோழி எரு என்று திட்டம் போட்டே ஆக வேண்டும் என மேரிலாண்ட் சட்டம் கொண்டுவந்தது.

பிறகு 2002இல் வேறு குழுக்கள் சோதித்தபோது படம் மாறியது. ஃபீஸ்டீரியாவின் நெருங்கிய இனம் ஒன்று நச்சை உமிழ்ந்து அல்ல, மீனின் தோலில் ஒட்டி அதைத் தின்றே கொல்கிறது என்று காட்டினார்கள். நச்சே இல்லை என்றார்கள் சிலர். 2007இல் உலோகம் கலந்த ஒரு நச்சைப் பிரித்துவிட்டோம் என்று இன்னொரு குழு எழுதியது. ‘பார்த்தீர்களா, எல்லாம் பீதி’ என்று ஒரு பக்கம் கொண்டாடியது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மீன் செத்தது உண்மை. ஆற்றுக்குள் நைட்ரஜனும் பாஸ்பரசும் கொட்டியது உண்மை. ஃபீஸ்டீரியா என்ற பெயரே இல்லாவிட்டாலும் அந்த உரச் சட்டத்துக்குக் காரணம் இருந்தது.

பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் இன்னொரு வகை இழுபறி. அங்கே ஒதுங்குவது பச்சைக் கடற்பாசி, அதில் நச்சு கிடையாது. ஆனால் மேலே காய்ந்த ஓட்டுக்கு அடியில் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சேரும், மிதித்தால் வெளியே வரும். முட்டை அழுகிய நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள்; அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். 2009இல் அங்கே ஒரு குதிரை செத்தது, அதில் வந்தவர் மயங்கி விழுந்தார். 2011இல் 36 காட்டுப்பன்றிகள் செத்தன. வயல் நைட்ரேட்டும் பண்ணைக் கழிவும்தான் இந்தக் கடற்பாசிக்குத் தீனி என்பதை ஒத்துக்கொள்ள வைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 2016இல் அங்கே ஓட்டப் பயிற்சிக்குப் போன ஒருவர் இறந்த வழக்கில், அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2025இல்.

உங்கள் ஊரிலும் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தண்ணீர் இன்றைக்கு ஆபத்தா என்பது ஒன்று, இதற்கு யார் காரணம் என்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் பணமும் பதவியும் இருக்கிறது. அதனால் முதலாவதற்குப் பதில் சொல்லவும் தயங்குகிறார்கள். ஆனால் முதலாவதற்கு நாள் கணக்கில் பதில் வாங்கலாம். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைத் தின்று நூறு பேருக்கு மேல் நோயுற்று மூவர் இறந்தபோது, டோமோயிக் அமிலம்தான் காரணம் என்று வேதியியலாளர்கள் வேலையில் இறங்கி ஐந்து நாளுக்குள் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே துறையிடமும் ஆய்வாளரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எந்தப் பாசி இனம், லிட்டருக்கு எத்தனை பாசி செல், எந்த நச்சைத் தேடினீர்கள், சிப்பிச் சதையில் அளவு என்ன, எப்போது எடுத்த மாதிரி? சோதனைத் தாளை யார் காட்டுகிறாரோ அவரை நம்புங்கள். பல நாடுகளில் சாக்ஸிடாக்ஸினுக்கு வரம்பு கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம். அதோடு ஒப்பிட முடியாத பதில் பதிலே அல்ல. ஆய்வாளருக்குப் பண்ணைக்காரர்கள் மேல் கோபம் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். நுண்ணோக்கியில் எண்ணிய செல் அதனால் கூடாது, குறையாது.

மழை பெய்து தண்ணீர் தெளிந்துவிட்டது, இனி மட்டி எடுக்கலாமா என்று அடுத்த வாரம் கேட்பீர்கள். வேண்டாம். பாசி போனபின்னும் சதையில் நச்சு வாரக்கணக்கில் நிற்கும், சில மட்டி வகைகளில் ஓராண்டைத் தாண்டியும் நின்றிருக்கிறது. சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு சதை மாதிரிகளாவது வரம்புக்குக் கீழே வரட்டும், அப்புறம் கூடையை எடுங்கள்.