வீடு வீடாகக் கேள்வித்தாளோடு போகும் மகள்: ஒரு தகப்பனாருக்குப் பதில்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியிலிருந்து தாங்கள் எழுதியதைப் படித்தேன். ஊட்டச்சத்தியல் இளநிலை இறுதியாண்டில் இருக்கும் மகள், உடற்பருமனுக்கு வழிவகுக்கும் அன்றாடப் பழக்கங்களை வினாத்தாள் கொண்டு அளப்பதை ஆய்வாக எடுத்துக்கொண்டு விடுமுறை நாள்களில் தெருத்தெருவாகப் போவதையும், ‘என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள் என்று கேட்கவா மூன்று வருஷம் பணம் கட்டினேன்’ என்று மனம் நொந்ததையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். நானும் மறைக்காமல் சொல்கிறேன்: கேள்வி கேட்பது எளிது, சரியாக அளக்கும் கேள்வியை உருவாக்குவது பழகிப் பெற வேண்டிய தொழில். மகள் அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். 2015–16இல் இது 30.9 ஆக இருந்தது. எடை கூடியதைத் தராசு காட்டிவிடும். எதனால் கூடியது என்பதை, எண்ணெய், இனிப்பு, உறக்கம், உட்கார்ந்திருக்கும் நேரம் என்று ஒவ்வொன்றாக மனிதர்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கேட்பதில் எத்தனை வழுக்கல் உண்டு என்பதை நானே பட்டறிந்தேன். ஆலோசகனாவதற்கு முன் ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளனாக இருந்தபோது, எங்களிடம் கொடுத்த தாளில் ‘ஒரு நாளைக்கு எத்தனை பரிமாறல் காய்கறி உண்கிறீர்கள்?’ என்று அச்சாகியிருந்தது. பாபநாசம் பக்கத்து அம்மாள் ஒருவர், ‘எந்தக் கல்யாணத்துப் பந்தியைக் கேக்குறீங்க தம்பி?’ என்றார். மறுநாள் முதல் குழம்புக் கரண்டி ஒன்றைக் கையோடு எடுத்துப் போனேன். ‘இந்தக் கரண்டியால் எத்தனை?’ என்று கேட்ட பிறகே விடைகள் நம்பும்படி வந்தன. அதே அம்மாளிடம் ‘நொறுக்குத்தீனி உண்டா?’ என்று நான் கேட்டதற்கு ‘அதெல்லாம் பிள்ளைங்கதான்’ என்றார். மாலை டீயோடு என்ன என்று கேட்டதும், ‘ரெண்டு வடை, சில நாள் ஒரு பன்’ என்றார். வடை அவருக்குப் பலகாரம்; நொறுக்குத்தீனிக் கணக்கில் அது சேராது. அவர் பொய் சொல்லவில்லை, பிழை எங்கள் தாளில் இருந்தது.

உடலுழைப்பைக் கேட்பது இதைவிடக் கடினம். காலையெல்லாம் நாற்று பறித்து நட்டுவிட்டு வந்த பெண்ணிடம் ‘உடற்பயிற்சி செய்கிறீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற விடைதான் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 16 கேள்விகள் கொண்ட உடலியக்க வினாத்தாள், வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று தனித்தனியாக, ஒரு வழக்கமான வாரத்தைப் பற்றிக் கேட்பதால் இந்தத் தவற்றைப் பெருமளவு தவிர்க்கிறது. ஆனால் சம்பா நடவின்போதும் சித்திரை வெயிலில் வயல் வெறுமையாகக் கிடக்கும்போதும் ஒரே மனிதருக்கு வாரம் ஒன்றாக இருப்பதில்லையே! எந்த மாதத்தில் கேட்டோம் என்பதை மகள் தம் அறிக்கையில் கட்டாயம் எழுத வேண்டும்.

வினாத்தாள் தயாரானதும், ஒரு சிறு குழுவிடம் இரண்டு வாரம் இடைவெளிவிட்டு இருமுறை கேட்டு, விடைகள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாணவர்கள் பலர், கேள்விகளின் விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு இணங்கிப் போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7ஐத் தாண்டிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உறக்கமும் எண்ணெய்ப் பலகாரமும் ஒன்றோடொன்று இணைந்தே ஏறி இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், பழக்கங்களை அளக்கும் தாளுக்கு அந்த எண் மட்டும் போதாது என்பது என் எண்ணம். உயரத்தையும் எடையையும் வாய்மொழியாகக் கேட்காமல் செருப்பைக் கழற்றச் சொல்லி அளப்பது நல்லது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். உலக அளவில் அது 25ஐத் தொட்டால் அதிக எடை, 30ஐத் தொட்டால் பருமன் என்பார்கள். இந்தியர்களுக்கு மருத்துவர்கள் 23, 25 என்ற வரம்புகளைக் கொள்வதால், மகள் எந்த வரம்பைக் கொண்டார் என்பதும் அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும்.

இனி வேலை. களப்பணி வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் சில மாதங்களுக்கே கிடைக்கும், சம்பளமும் பெரிதாக இராது. அதை நம்பி இளநிலையோடு நிறுத்த வேண்டாம். மருத்துவமனை உணவியல் வல்லுநராக விரும்பினால் முதுநிலைப் படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து, இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வை எழுதலாம். அளக்கும் வேலையே பிடித்திருந்தால் பொதுச் சுகாதாரமும் நோய்ப்பரவியலும் ஏற்றவை; அதற்கான துறை தங்களுக்கு அருகிலேயே, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நுழைவுத் தேர்வுக்கு இறுதியாண்டு நடக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், அதை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் அறிவிப்பை இப்போதிலிருந்தே கவனித்து வாருங்கள். இடையில், திரட்டிய விடைகளைக் கணக்கிட உதவும் ஆர் (R) என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளை அவர் பழகட்டும்.

வினாத்தாளைத் திருத்திய ஒவ்வொரு படியையும் தேதியிட்டுப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நேர்முகத்தில் எடுத்துக் காட்ட உதவும். முதல் படியைத் தாங்களே நிரப்பிக் கொடுங்கள். காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்ற இடத்தில் தாங்கள் எழுதும் எண்ணையும், காபி போடும் அம்மா சொல்லும் எண்ணையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.