ஒரு டிஸ்க் போய்விட்டது, எதைக் கழற்றுவது?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு 4 டி.பி. டிஸ்க்குகள் போட்ட சைனாலஜி நாஸ் (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி), ரெய்டு 5-இல் (தரவை எல்லா டிஸ்க்குகளிலும் பரப்பி, ஒன்று போனாலும் மீட்கும் முறை) ஓடுகிறது. நேற்றிலிருந்து பீப் சத்தம், திரையில் ‘டிகிரேடட்’ என்கிறது. ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றன. ஆஃப் செய்துவிட்டு டிஸ்க்கை மாற்றலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆஃப் செய்யாதீர்கள். முன்பக்கத்திலிருந்து ட்ரேயை உருவும் மாடல் என்றால் பெரும்பாலும் ஓடும்போதே மாற்றலாம். மேனுவலில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய டிஸ்க், நின்று ஆறியபின் மறுபடி சுற்றாமல் போவது உண்டு.

முதலில், எதையும் தொடுமுன், டேலி டேட்டாவையும் நடப்பு ஆண்டுக் கோப்புகளையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வைத்துவிடுங்கள். ரெய்டு 5 தாங்குவது ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டும்தான். அந்த ஒன்று ஏற்கெனவே போய்விட்டது.

அடுத்ததுதான் உயிர்நாடி: போன டிஸ்க் எது? ரெய்டு 5-இல் தரவு அழிவது பல நேரம் முதல் டிஸ்க் பழுதானதால் அல்ல, பதற்றத்தில் நல்ல டிஸ்க்கை உருவியதால். ஸ்லாட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சில இயந்திரங்கள் 0-விலிருந்து எண்ணும், சில 1-லிருந்து. நாஸின் ஸ்டோரேஜ் மேனேஜர் திரையில் பழுதான டிஸ்க்கின் சீரியல் நம்பரைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தபடி முன்விளக்குகளைப் பாருங்கள்: உயிருள்ள மூன்றும் சிமிட்டும். திரையும் விளக்கும் ஒரே டிஸ்க்கைச் சுட்டினால் மட்டும் உருவுங்கள். சந்தேகம் இருந்தால், அப்போது மட்டும், பேக்கப் முடிந்தபின் முறையாக ஷட்டவுன் செய்து, ஒவ்வொரு ட்ரேயாக எடுத்து லேபிளைப் படித்து அதே இடத்தில் செருகுங்கள். தவறாக உருவுவதைவிட அது மேல்.

உருவும்போது ட்ரேயை ஒரு அங்குலம் மட்டும் இழுத்து, 30 விநாடி காத்திருந்து, உள்ளே சுழற்சி நின்றபின் வெளியே எடுங்கள். சீரியல் நம்பரைச் சரிபாருங்கள். புது டிஸ்க் 4 டி.பி.யோ அதற்கு மேலோ இருக்கட்டும். செருகியபின் ஸ்டோரேஜ் பூலில் (டிஸ்க்குகளின் தொகுப்பு) ‘ரிப்பேர்’ கொடுங்கள். போன டிஸ்க்கின் தரவை மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டுப் புதியதில் எழுதும். புது டிஸ்க்கில் ஏதாவது இருந்தால் அழிந்துவிடும். விநாடிக்கு 150 எம்.பி. வேகத்தில் 4 டி.பி.க்கு ஏழரை மணி நேரம் ஆகும், அலுவலக வேலையும் ஓடினால் இன்னும் நீளும். அதனால் இன்று மாலையே ஆரம்பியுங்கள், யு.பி.எஸ். பேட்டரியைப் பார்த்துவிட்டு. அந்த நேரத்தில் மீதி மூன்று டிஸ்க்கும் முனை முதல் முனை வரை, மொத்தம் 12 டி.பி., படிக்கப்படும். சாதாரண டிஸ்க்குகளில் சுமார் 12.5 டி.பி.க்கு ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்றே தயாரிப்பாளர் விவரக்குறிப்பு சொல்கிறது. நடைமுறையில் இவ்வளவு மோசமில்லை, ஆனால் பேக்கப்பை முதலில் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

தவறான டிஸ்க்கை உருவி, வால்யூம் ‘க்ராஷ்டு’ என்று வந்துவிட்டால்? ஷட்டவுன் செய்து, அதை அதே ஸ்லாட்டில் திரும்பச் செருகுங்கள். புது பூல் உருவாக்கும் பட்டனை மட்டும் தொடாதீர்கள். அப்படியே தெரிந்தவரிடம் கொண்டுபோனால் மீட்க வழி இருக்கும்.

முடிந்தபின் மீதி டிஸ்க்குகளின் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைப்பது) 5, 197 எண்களைப் பாருங்கள்: மாற்றி ஒதுக்கிய செக்டர்களும், படிக்கச் சிரமப்படும் செக்டர்களும் அவற்றில் தெரியும். ஒரே நாளில் வாங்கியவை என்றால் அடுத்ததும் வரிசையில் நிற்கும். ட்ரேயின் முகப்பில் சீரியல் நம்பரை இப்போதே ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: மலிவான டெஸ்க்டாப் டிஸ்க் போடலாமா?

பதில்: வேண்டாம். கெட்ட செக்டர் வந்தால் நாஸ் டிஸ்க் சுமார் 7 விநாடியில் கைவிட்டுத் தகவல் சொல்லும். மற்ற டிஸ்க்குகளிலிருந்து ரெய்டு சரிசெய்யும். டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும், செத்துவிட்டது என்று ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும். எஸ்.எம்.ஆர். வகையையும் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுவது) தவிருங்கள், தொடர்ந்து எழுதினால் தவழும். 2020-இல் டபிள்யூ.டி.யின் நாஸ் டிஸ்க்கான ரெட் 2 முதல் 6 டி.பி. வரையான சில மாடல்களிலேயே எஸ்.எம்.ஆர். இருந்தது தெரிய வந்தது. டபிள்யூ.டி. ரெட் பிளஸ், சீகேட் ஐயன்வுல்ஃப் இரண்டும் சி.எம்.ஆர். (தடங்கள் படியாத வகை).

கேள்வி: பழைய டிஸ்க்கை வாரண்டிக்கு அனுப்பலாமா?

பதில்: ரெய்டு 5 தரவை 64 கே.பி. போன்ற துண்டுகளாகப் பிரிக்கிறது. சிறிய கோப்பு ஒரே துண்டில் முழுதாக அடங்கிவிடும். வாடிக்கையாளரின் பான் விவரம் அதில் இருக்கலாம். என்கிரிப்ட் செய்யாத டிஸ்க் என்றால் வாரண்டியை விட்டுவிட்டு, தட்டுகளைத் துளையிட்டு மின்கழிவில் சேருங்கள்.